மானியம் – இறையிலி – நல்கை

காவிரிப் படுகையில் உழவர் ஒருவர் 'மானியம்' என்றால் உரத்துக்கும் விதைநெல்லுக்கும் அரசு ஏற்கும் விலைப்பங்கைச் சொல்கிறார். கோயிலைச் சார்ந்த நிலங்களின் பழைய ஆவணங்களில் அதே சொல் வரி நீக்கிய நிலத்தைக் குறிக்கிறது. அரசு உதவி பெறும் பள்ளிகளிலோ, ஆசிரியர் சம்பளத்துக்காகவும் பராமரிப்புக்காகவும் அரசிடமிருந்து வரும் தொகைக்குக் கற்பித்தல் மானியம், பராமரிப்பு மானியம் என்று பெயர். ஆங்கிலத்தில் grant எனப்படும் இந்தத் தொகையைத் தமிழில் எந்தச் சொல்லால் குறிப்பது என்பதே இங்கே கேள்வி.

மானியம் என்பது 'மான்ய' என்னும் வடசொல்லின் வழி வந்தது. மதிப்புக்குரியது என்பது அதன் மூலப் பொருள். ஒருவரையோ ஓர் அறநிலையத்தையோ மதித்து அரசர் வரி நீக்கிக் கொடுத்த நிலம் மானியமாயிற்று. இந்தப் பொருளுக்குச் சோழர் கல்வெட்டுகளில் ஆளப்பட்ட சொல் இறையிலி. இறை என்பது வரி. நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரத்துக்கு முதலாம் இராசராசன் தன் 21ஆம் ஆட்சியாண்டில் ஆனைமங்கலத்தைப் பள்ளிச்சந்தமாக, அதாவது பள்ளிக்கு விட்ட இறையிலியாக, அளித்ததை லெய்டன் செப்பேடுகள் கூறுகின்றன. அங்கே பள்ளி என்பது பௌத்தத் துறவியர் மடம்; கல்விக்கூடம் அன்று. அந்த ஊரார் அரசனுக்கு இறுக்க வேண்டியது கருவூலத்தைத் தொடாமலே பள்ளிக்குச் சென்றது என்பதையும், இன்றைய பள்ளித் தொகையோ கருவூலத்திலிருந்து ஆண்டுதோறும் ஒதுக்கப்பட்டு வருவது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், இரண்டையும் ஒரே சொல்லால் அழைப்பது எவ்வளவு பொருந்தாதது என்பது விளங்கும்.

சொல் நிலத்தைவிட்டுப் பள்ளிப் பணத்துக்கு நகர வழிசெய்தது, கிழக்கிந்தியக் கம்பெனியை மேற்பார்த்த பிரித்தானியக் கட்டுப்பாட்டு வாரியத்தின் தலைவர் சார்லஸ் வுட்டின் 1854ஆம் ஆண்டுக் கல்வி அறிக்கை. மதச்சார்பற்ற நல்ல கல்வி தருதல், உள்ளூர் நிருவாகம் பொறுப்பேற்றல், அரசின் ஆய்வுக்கு உடன்படுதல், சிறிதளவேனும் கட்டணம் பெறுதல் ஆகியவற்றை ஏற்கும் தனியார் பள்ளிக்கு அரசு பொருளுதவி செய்யும் என்று அது வகுத்தது. கட்டண நிபந்தனை இன்று தலைகீழாகிவிட்டது: 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி, உதவி பெறும் பள்ளி தன் ஆண்டுத் தொடர்செலவில் எவ்வளவு பங்கை அரசிடம் பெறுகிறதோ அந்த விகிதத்தில், குறைந்தது 25 விழுக்காட்டுப் பிள்ளைகளுக்கேனும், தொடக்கக் கல்வியை இலவசமாக அளித்தாக வேண்டும். ஆய்வு நிபந்தனை மட்டும் வலுப்பட்டே வந்திருக்கிறது. ஆசிரியரை நிருவாகம் நியமித்தாலும் கல்வித் துறையின் ஒப்புதல் இன்றிச் சம்பளம் வராது. மாணவர் எண்ணிக்கை குறைந்தால் பணியிட நிர்ணயத்தில் அந்த இடமே உபரியாகிவிடும்.

இத்தகைய நிபந்தனைத் தொகைக்கு நல்கை என்பதே ஏற்ற தமிழ்ச்சொல். நல்குதல் என்றால் கொடுத்தல்; பல்கலைக்கழக மானியக் குழுவை நல்கைக் குழு என்று எழுதும் வழக்கமும் இருக்கிறது. உதவித்தொகை என்று எழுதுவதைத் தவிர்க்க வேண்டும். அது மாணவர் கைக்குச் செல்லும் பணம். நல்குதலிலும் அருள்புரிதல் என்ற சாயல் உண்டு என்பது உண்மைதான். ஆயினும் அரசர் மதித்துத் தந்த நிலத்தின் நினைவு அதில் இல்லை.

சட்டப்பேரவையின் 'மானியக் கோரிக்கை' என்ற தொடரை மாற்றுவதும் அவசியம் என்றே கருதுகிறேன். அரசமைப்பின் 203ஆம் பிரிவின்படி அங்கே துறைகளின் செலவுக்குப் பணம் கேட்பது அரசு, இசைவு தருவது பேரவை. கேட்ட தொகையைப் பேரவை மறுக்கலாம், குறைக்கலாம். பள்ளிக் கல்வித் துறைக்குரிய 43ஆம் எண் கோரிக்கையும் அப்படிப்பட்டதே. அதனை நல்கைக் கோரிக்கை என்றோ நிதிக் கோரிக்கை என்றோ எழுதலாம்.