நம் கையில் இருக்கிறதா என்று மூளை எப்படிக் கணக்குப் போடுகிறது?

கிருஷ்ணகிரி, தர்மபுரி மாவட்டங்களில் உள்ள ராயக்கோட்டை, பாலக்கோடு மண்டிகளில் தக்காளி விலை விழும் வாரங்களில் எல்லோரும் ஒரே கணக்கைத்தான் சொல்வார்கள். பறிகூலிக்கும் வண்டி வாடகைக்குமே கட்டாது. சிலர் பழத்தைச் செடியிலேயே விட்டுவிடுவார்கள், சிலர் மாட்டுக்குப் போடுவார்கள். அதுவரை யார் மேலும் குறை சொல்ல ஒன்றுமில்லை. வித்தியாசம் அடுத்த மாதம்தான் தெரியும். ஒருவர் சொட்டுநீர்க் குழாயைச் சரிபார்த்து, பாதி நிலத்தில் கேழ்வரகு விதைத்து, கடன் தவணையைத் தள்ளிப்போட முடியுமா என்று கூட்டுறவுச் சங்கத்தில் கேட்டுவிட்டு வந்திருப்பார். அதே அளவு நட்டப்பட்ட இன்னொருவர் சாய்ந்துபோன வேலியைக்கூடத் தொட்டிருக்க மாட்டார். ஊர் இவருக்குச் சோம்பேறி என்று பெயர் வைத்துவிடும். கடந்த அறுபது ஆண்டு ஆய்வுகளைப் பார்த்தால் அந்தப் பெயர் பொருந்தவில்லை.

கதை தொடங்குவது 1967-ல், அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில். மார்ட்டின் செலிக்மன், ஸ்டீவன் மேயர் என்ற இரண்டு இளம் ஆய்வாளர்கள் நாய்களை மூன்று குழுவாகப் பிரித்தார்கள். முதல் குழுவுக்கு மின்னதிர்ச்சி வரும், தலையால் ஒரு பலகையை அழுத்தினால் நின்றுவிடும். இரண்டாம் குழுவுக்கும் அதே அதிர்ச்சி, அதே நேரம், அதே அளவு. ஆனால் இவை என்ன செய்தாலும் நிற்காது. முதல் குழு நாய் நிறுத்தும்போதுதான் இதற்கும் நிற்கும். மூன்றாம் குழுவுக்கு ஒன்றுமில்லை. மறுநாள் எல்லா நாய்களையும் ஒரு கூண்டில் விட்டார்கள். நடுவில் இருந்த குட்டைத் தடுப்பைத் தாண்டிக் குதித்தால் அதிர்ச்சியிலிருந்து தப்பலாம். முதல் குழுவும் மூன்றாம் குழுவும் சீக்கிரமே தாண்டக் கற்றுக்கொண்டன. இரண்டாம் குழுவில் பெரும்பாலானவை படுத்து முனகியபடி வாங்கிக்கொண்டன. இன்று இப்படியொரு சோதனைக்கு எந்த நெறிமுறைக் குழுவும் அனுமதி தராது, தரவும் கூடாது. ஆனாலும் அதன் அமைப்பைக் கவனியுங்கள். இரண்டு குழுவும் பட்ட வலி ஒன்றேதான். மாறியது, தான் செய்ததற்குப் பலன் இருந்ததா என்பது மட்டும்.

படுத்துவிட்ட நாய்களை எழுப்ப என்னென்னவோ செய்து பார்த்தார்கள். தடுப்பை எடுத்தார்கள், அந்தப் பக்கமிருந்து கூப்பிட்டார்கள், இறைச்சியைக் காட்டினார்கள். அசையவில்லை. கடைசியில் கழுத்தில் கயிறு கட்டி, பாதுகாப்பான பக்கத்துக்கு இழுத்துவிட்டார்கள். ஒருமுறை அல்ல, திரும்பத் திரும்ப. மெல்ல மெல்ல இழுக்கும் பலம் குறைந்தது, பிறகு அவையே தாண்டின. அறிவுரை செய்ய முடியாததை உடம்பால் பட்ட அனுபவம் செய்தது.

இதற்கு அவர்கள் தந்த விளக்கம், உயிரினம் கையாலாகாத்தனத்தைக் கற்றுக்கொள்கிறது என்பது. பாடப்புத்தகங்களில் இன்றும் அப்படித்தான் இருக்கிறது. ஆனால் அதே இருவரும் 2016-ல் எழுதிய கட்டுரையில் தங்கள் விளக்கத்தைத் தலைகீழாகத் திருப்பினார்கள். அறிவியலில் இப்படி நடப்பது அபூர்வம், எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்த இடமும் இதுதான்.

மேயர் இடைப்பட்ட காலத்தில் நரம்பியல் பக்கம் போய், எலிகளின் மூளையை ஆராய்ந்துகொண்டிருந்தார். மூளைத்தண்டில் டார்சல் ராஃபே என்றொரு சின்னப் பகுதி உண்டு. துன்பம் நீண்டுகொண்டே போனால் இது செரட்டோனினைப் பெருமளவில் வெளியிடும். விளைவு, பயம் கூடும், அசைவு குறையும். இதை யாரும் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. தொடர்ந்து அடிவிழுந்தால் ஒடுங்கிக் கிடப்பது பிறவியிலேயே வந்த பதில். மாறாக, கற்றுக்கொள்ள வேண்டியது கட்டுப்பாட்டைத்தான். எலி ஒரு சக்கரத்தைத் திருப்ப, அதிர்ச்சி நின்றால், நெற்றிக்குப் பின்னால் இருக்கும் முன்நெற்றிப் புறணி அந்தத் தொடர்பைக் கவனிக்கிறது. கவனித்ததும் கீழே மூளைத்தண்டுக்குச் செய்தி அனுப்பி, லாரி இறக்கத்தில் பிரேக் பிடிப்பதுபோல் ராஃபேயை அடக்குகிறது.

2005-ல் அவருடைய குழு இதைச் சோதித்த விதம் அருமை. புறணியின் அந்தப் பகுதியை ஒரு மருந்தால் தற்காலிகமாக உறங்க வைத்தார்கள். எலி சக்கரத்தைத் திருப்பியது, அதிர்ச்சியும் நின்றது. ஆனால் பிறகு அது கட்டுப்பாடே இல்லாத எலி போல ஒடுங்கிக்கொண்டது. கட்டுப்பாடு கையில் இருந்தும், அதை மூளை பதிவுசெய்யாததால் பயனில்லாமல் போனது. ஒருமுறை நன்றாகப் பதிவானால் அப்புறம் வரும் துன்பத்திலும் அது காக்கிறது, அது முற்றிலும் வேறு வகைத் துன்பமாக இருந்தாலும். எலியிடம் கண்டதை மனிதருக்கு அப்படியே பொருத்த முடியாதுதான். ஆனாலும் வேலியைத் தொடாதவரைப் பற்றி யோசிக்க இது போதுமான காரணம் தருகிறது.

மனிதரிடம் பணக் கஷ்டம் இன்னொரு சுமையையும் ஏற்றுகிறது. பக்கத்து மாவட்டமான திருவண்ணாமலையிலும் விழுப்புரத்திலும் 464 கரும்பு விவசாயிகளிடம் நடத்திய ஆய்வை அனந்தி மணி, செந்தில் முல்லைநாதன் உள்ளிட்டோர் 2013-ல் 'சயின்ஸ்' இதழில் வெளியிட்டார்கள். அறுவடைக்கு முன் கையில் காசில்லாத நாட்களிலும், அறுவடைப் பணம் வந்த பிறகும், அதே ஆளுக்கு வடிவப் புதிர்கள் கொடுத்தார்கள். காசில்லாதபோது மதிப்பெண் குறைந்தது. பின்னாளில் முடிவுகளின் அளவு பற்றி விவாதங்கள் எழுந்தன. ஆனால் கடன்காரர் வாசலில் நிற்கும்போது நிதானமாகத் திட்டம் போடுவது கஷ்டம் என்பதை நம்ப நமக்கு ஆய்வும் தேவையில்லை.

சரி, அப்படியென்றால் ‘எல்லாம் சூழ்நிலை’ என்று விட்டுவிடலாமா? முடியாது. அதற்காக ‘எல்லாம் உன் கையில்’ என்று சொல்லவும் முடியாது. இந்த மண்ணிலேயே அதற்குச் சாட்சி இருக்கிறது. தர்மபுரி, கிருஷ்ணகிரி நிலத்தடி நீரில் பல இடங்களில் புளோரைடு அதிகம். ஒரு லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் போனால் குடிக்க ஏற்றதில்லை. தலைமுறைகளாகப் பற்களில் பழுப்புக் கறை, சிலருக்கு எலும்பும் மூட்டும் பாதிப்பு. கிணற்றை ஆழப்படுத்தியோ, பல்லை நன்றாகத் தேய்த்தோ யாரும் அதைத் தனியாகத் தீர்த்திருக்க முடியாது. ஜப்பானியக் கடனுதவியோடு காவிரி நீரைக் கொண்டுவந்த ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-ல் திறக்கப்பட்ட பிறகுதான் அதற்கு வழி பிறந்தது. அந்தக் கறைக்கு ஒருவர் தன்னையே நொந்துகொண்டால் அது வீண் தண்டனை.

நொந்துகொள்வதிலும் வகை உண்டு. உளவியலாளர் ரோனி ஜானாஃப்-புல்மன் 1979-ல் இரண்டைப் பிரித்துக் காட்டினார். ஒன்று, செய்த செயலின் மேல் பழி. இன்னொன்று, தன் குணத்தின் மேல் பழி. "எல்லாரும் நட்ட வாரத்திலேயே நானும் நட்டுட்டேன், அடுத்த தடவை தள்ளி நடணும்" என்பது முதல் வகை. செயல் என்பதால் மாற்ற இடமிருக்கிறது. "நானெல்லாம் வெள்ளாமை பண்ணவே லாயக்கில்லை" என்பது இரண்டாம் வகை, மனச்சோர்வோடு ஒட்டி வருவது இதுதான். பொறுப்பை உணர வைக்கிறேன் என்று உறவினர்கள் கொட்டும் திட்டு கிட்டத்தட்ட எப்போதும் இரண்டாம் வகையைத்தான் வளர்க்கிறது. வேலை போன பையனிடம் “உன்னால ஒண்ணும் முடியாது” என்று சொல்லிவிட்டு அவன் எழுந்து ஓடுவான் என்று எதிர்பார்க்கிறோம்!

எழுப்பும் வழி கோவாவில் சோதிக்கப்பட்டது. மனநல மருத்துவர் விக்ரம் படேலின் குழு 2017-ல் வெளியிட்ட ஆய்வில், ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு வந்த கடுமையான மனச்சோர்வு கொண்ட 495 பேர் பங்கேற்றார்கள். ஒரு பகுதியினருக்கு, மனநலப் பட்டம் இல்லாத, பயிற்சி மட்டும் பெற்ற உள்ளூர் ஆலோசகர்கள் ஆறு முதல் எட்டு முறை பேசினார்கள். மனதைத் திடப்படுத்திக்கொள் என்று வகுப்பெடுக்கவில்லை. அடுத்த சந்திப்புக்குள் செய்யக்கூடிய சின்ன வேலைகளைச் சேர்ந்து தேர்ந்தெடுத்து, செய்ததும் மனம் எப்படி இருந்தது என்று கவனிக்கச் சொன்னார்கள். வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களைவிட இவர்களில் அதிகம் பேர் மூன்று மாதத்தில் தேறினார்கள்.

தர்மபுரியில் இதற்கு முன்னோடி என்று நான் நினைப்பது மகளிர் சுயஉதவிக் குழுக்களை. தமிழ்நாட்டில் அந்தத் திட்டம் 1989-ல், பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு, தொடங்கியதே இந்த மாவட்டத்தில்தான். யாரும் அதை மூளை அறிவியல் என்று தொடங்கவில்லை. ஆனால் அமைப்பைப் பாருங்கள். முதலில் சிறு சேமிப்பு, நோட்டில் கையெழுத்து, பிறகு அந்தப் பணத்திலிருந்தே சிறு கடன், திருப்பிக் கட்டினால் அடுத்தது கொஞ்சம் பெரிதாக. போட்ட காசுக்குக் கண்ணுக்குத் தெரியும் பலன், அதுவும் சீக்கிரமே. சக்கரத்தைத் திருப்பினால் நிற்கும் என்ற பாடம் அதில் மாதாமாதம் நடந்தது. இன்று வாசலுக்கே வரும் தனியார் குழுக் கடன்களில் பெரும்பாலும் அந்தச் சேமிப்புக் கட்டமே கிடையாது. முதல் நாளே பெருந்தொகை, மறுவாரமே தவணை. இரண்டுக்கும் குழு என்றே பெயர், ஆனால் தவணை தவறியவரை இரண்டாவது கொண்டுபோய் நிறுத்துவது கூண்டில் படுத்துவிட்ட நாய்களின் நிலையில்தான்.