பாலிடை முரண்: கௌபி வண்டுல தொடங்குற ஒரு சொல் விளக்கம்

ஹட்டன்ல டியூஷன் விட்டு வர்றப்போ ஏ.எல். பயோ செய்ற புள்ள ஒன்னு நோட்ட காட்டுச்சு, 'செக்ஷுவல் கொன்ஃப்லிக்ட்'ங்கிறதுக்கு 'பாலியல் மோதல்'னு எழுதியிருக்கேன் சரியா சேர்னு. எனக்கு மனசு ஒப்பல, பாலியல்னாலே இப்ப பேப்பர்ல வர்ற குற்றச் செய்தி தான் ஞாபகம் வருது, விஷயம் அது இல்ல, ஒரே இனத்துல ஆணுக்கு லாபமா இருக்கிறது பெண்ணுக்கு நட்டமா வர்றதத்தான் இது சொல்லுது.

நம்ம லயத்து வீடுகள்ல கௌபி (தட்டைப்பயறு) டின்ன தொறந்தா சின்ன வண்டு ஓடுமே, பயறு மேல வெள்ளை வெள்ளையா ஒட்டியிருக்கிறது அதோட முட்டை. அந்த ஆண் வண்டோட உறுப்புல முள்ளு இருக்குது, சேர்றப்போ பெண்ணுக்கு உள்ளுக்குள்ள காயமாகும், பெண் பின்னங்காலால எத்தி எத்தி தள்ளும். முள்ளு நீளமா இருக்கிற ஆணுக்குத்தான் புள்ளைங்க கூட, 2012ல ஆராய்ச்சியாளருங்க லேசரால முள்ள கட்டையாக்கிப் பார்த்தாங்க, அப்பன் ஆகுற வாய்ப்பு கொறைஞ்சிருச்சு. ஆணுக்கு லாபம் கொடுக்கிறதே பெண்ணுக்கு நட்டம், ஆனா ரெண்டும் வேணும்னு செய்யல, புள்ளைங்க கூடின பக்கம் அடுத்தடுத்த தலைமுறைல பரவுது, அவ்வளவுதான்.

பழ ஈல இத இன்னும் தெளிவா பார்க்கலாம். ஆணோட விந்துத் திரவத்துல 36 அமினோ அமிலம் கொண்ட ஒரு சின்ன புரதம் இருக்குது, அது உள்ள போனதும் பெண் முட்டை கூட போடும், வேற ஆண கிட்ட சேர்க்காது. 1996ல வில்லியம் ரைஸ்ங்கிற உயிரியலாளர், பெண் பக்கம் மாறவே விடாம ஆண மட்டும் 40 தலைமுறை அளவுக்கு கூர்ப்படைய (எவலூஷன், தமிழ்நாட்டுல பரிணாமம்பாங்க) விட்டாரு, ஆணுங்களுக்கு வெற்றி கூடுச்சு, அதுங்களோட சேர்ந்த பெண்ணுங்க சீக்கிரமா செத்துச்சு. அப்போ சாதாரணமா பெண் பக்கமும் சும்மா இல்ல, ஈடு கொடுத்துக்கிட்டே வருதுன்னு தானே அர்த்தம்!

இப்ப சொல்லுக்கு வருவோம். பால்னா பகுதி, அறத்துப்பால் பொருட்பால்னு குறள்ல பிரிச்ச மாதிரி, தொல்காப்பியத்துல ஆண்பால் பெண்பால்னு நிக்குது. லத்தீன் 'செக்ஸுஸ்'ஸையும் வெட்டிப் பிரிக்கிறதுங்கிற வினையோட சேர்த்து பார்க்கிற அறிஞர்கள் உண்டு, எனக்கு அது ரொம்ப பிடிச்ச ஒத்துமை. 'கொன்ஃப்லிக்ட்' லத்தீன்ல ஒன்னோட ஒன்னு அடிச்சுக்கிறது, அத அப்படியே புடிச்சா மோதல் தான் வரும், ஆனா 1979ல உயிரியலாளர் ஜெஃப்ரி பார்க்கர் எழுதுனது ரெண்டு பாலோட கூர்ப்பு நலன் எதிரெதிரா இழுக்கிறத பத்தி. அதுக்கு முரண் தான் பொருந்தும். முரண்தொடைல எதிரெதிர் சொல்லு ரெண்டும் ஒரே பாட்டுக்குள்ள தானே நிக்குது, இங்கயும் ஒன்னு இல்லாம மத்ததுக்கு புள்ள இல்ல. நடுவுல நடக்கிறதால 'இடை', ஆக பாலிடை முரண்.

ஜீன்னு வர்ற இடத்துல நம்ம இலங்கைப் புத்தகத்து 'பரம்பரையலகு'வயே போடலாம், தமிழ்நாட்டுக்காரங்க மரபணும்பாங்க. ஒரே அலகு ஆணுக்கு நல்லதாவும் பெண்ணுக்கு கெட்டதாவும் இருந்தா அத 'ஓரலகு முரண்'னு எழுதச் சொன்னேன், பழ ஈ மாதிரி ஆணோட ஒரு அலகுக்கு எதிரா பெண்ணோட வேற அலகு நின்னா 'ஈரலகு முரண்'.