வசனம் பேசும்போது தொண்டை ஏன் பூட்டிக்கொள்கிறது?

பாலக்காடு மாவட்டத்தில் கொழிஞ்சாம்பாறை, சித்தூர், வேலந்தாவளம் பக்கம் நாடகம் போடும் பிள்ளைகள் பெரும்பாலும் நல்ல உழைப்பாளிகள். காலையில் களரிக்குப் போவார்கள். சாயங்காலம் பாட்டு வாத்தியாரிடம் சுருதி வைத்துச் சாதகம் செய்வார்கள். கையில் கொஞ்சம் காசு சேர்ந்தால், ‘உயர்நிலை நடிப்புப் பயிற்சி’ என்று விளம்பரம் வரும் பட்டறைக்குத் திருச்சூருக்கோ கொச்சிக்கோ ரயிலேறுவார்கள். இத்தனையும் செய்தவர்கள்தான் திருவிழாக் காலத்தில் வந்து, “தொண்டை கட்டிக்கிச்சுங்கண்ணா, நாளன்னிக்கு நாடகம்” என்று நிற்கிறார்கள். பயிற்சியே எடுக்காமல் மேடையேறுபவர்கள் அவ்வளவாக வருவதில்லை.

நடிகர்களுக்கு உடல், குரல் பயிற்சி தருவது என் தொழில். நான் மருத்துவர் இல்லை. ஆனால் இந்தத் தொண்டைக்கட்டு எந்தக் காட்சியில் தொடங்கியது என்று விசாரித்தால் பதில் அநேகமாக ஒன்றுதான்: சண்டை, ஓட்டம், ஆளைத் தூக்குவது, அதோடு சேர்ந்து நீளமான வசனம். நின்று பேசும் காட்சியில் குரல் போனது என்று சொல்பவர்கள் குறைவு.

காரணம் உடம்பின் அமைப்பிலேயே இருக்கிறது. பேசுவது நாம் குரல்வளைக்குக் கொடுத்த வேலை. அதன் சொந்த வேலை வேறு. சோறும் தண்ணீரும் நுரையீரலுக்குள் போகாமல் காப்பது முதல் வேலை. பாரம் தூக்கும்போதும் தள்ளும்போதும் குதிக்கும்போதும் இறுக மூடி, நெஞ்சுக்குள் காற்றை அடைத்து, உடம்புக்கு ஒரு தாங்கல் கொடுப்பது அடுத்தது. நம்பிக்கை இல்லையென்றால் ஒரு சுவரை முழுப் பலத்தோடு தள்ளிக்கொண்டே ‘ஆ’ என்று நீட்டிப் பாருங்கள். குரல் நசுங்கித்தான் வரும். தள்ளுவதை விட்டதும் தானாகத் திறந்துவிடும்.

குரல்வளைக்குள் இருக்கும் இரண்டு மடிப்புகள்தான் குரல்நாண்கள். சாதாரணப் பேச்சில் ஆண்களின் குரல்நாண்கள் நொடிக்கு 100 முறைக்கு மேலும், பெண்களுடையவை 200 முறை வாக்கிலும் ஒன்றோடொன்று மோதிப் பிரிகின்றன. இறுக மூடிய நிலையிலேயே காற்றை முட்டித் தள்ளிக் கத்தினால் அந்த மோதல் அடியாக மாறும். முதலில் வீக்கம் வரும். விடாமல் தொடர்ந்தால், மண்வெட்டி பிடிக்கும் கையில் காய்ப்பு விழுவதுபோல இரண்டு நாண்களிலும் எதிரெதிராகச் சிறு முடிச்சுகள் விழும். முடிச்சு விழுந்த குரலில் முதலில் போவது மெல்லப் பேசும் திறன்தான். சத்தமாகப் பேசினால் சரியாக இருப்பதுபோலத் தோன்றும். அதனால் இன்னும் சத்தமாகவே பேசுவார்கள்.

இங்கேதான் நம் பயிற்சிமுறையைக் கொஞ்சம் யோசிக்க வேண்டியிருக்கிறது. கேரளத்தில் நடிகருக்கான உடல் பயிற்சி என்றால் எல்லோரும் கதகளியையும் களரியையும் காட்டுவோம். தப்பில்லை. 1930இல் தொடங்கிய கேரள கலாமண்டலம் என்ற கலைப்பள்ளியில் மழைக்கால உழிச்சில் என்னும் எண்ணெய்த் தேய்ப்பும் கண் சாதகமும் உடம்பைச் செதுக்கும் விதத்தை வேறெங்கும் பார்ப்பது கடினம். இத்தாலிய நாடகக்காரரான யூஜீனியோ பார்பா 1963இல் அங்கே வந்து பார்த்துவிட்டு, அந்தப் பயிற்சிகளைப் போலந்தில் இருந்த குரோட்டோவ்ஸ்கியின் நாடகக் குழுவுக்குக் கொண்டுபோனார். ஆனால் ஒன்றை மறந்துவிடுகிறோம். கதகளி நடிகர் வசனம் பேசுவதில்லை. முதல் பாட்டுக்காரரான பொன்னானியும் துணைப் பாட்டுக்காரரான சிங்கிடியும் பின்னால் நின்று பாடுகிறார்கள். உள்ளங்காலின் வெளி விளிம்பில் நின்று, முழங்காலை அகட்டி, அத்தனை இறுக்கத்தையும் தாங்கும் அந்த உடம்பு பேச வேண்டிய அவசியமே இல்லாத உடம்பு.

பாலக்காட்டுத் தோல்பாவைக்கூத்தில் இது அப்படியே தலைகீழ். பகவதி கோயில் கூத்துமாடத்தில், திரைக்குப் பின்னால் 21 விளக்குகளின் புகைக்கு நடுவே, கம்பராமாயணப் பாட்டும் விளக்கமுமாக ராத்திரி முழுக்கக் குரல்தான் வேலை செய்கிறது. துள்ளுவதும் பாய்வதும் பாவைதான். ஆந்திர எல்லையிலுள்ள இன்னொரு சித்தூர்ப் பக்கமும் வட ஆற்காட்டுப் பக்கமும் ஆடும் தெருக்கூத்தில் ஒரே ஆள் பாடவும் வேண்டும், கிறுகிறுவென்று சுற்றி ஆடவும் வேண்டும். அங்கே அவர் பாடிய அடியைப் பின்பாட்டுக்காரர்கள் வாங்கிக்கொள்கிறார்கள். அந்த இடைவெளியில் அவருக்கு மூச்சு கிடைக்கிறது. பழைய கலைகள் ஒவ்வொன்றும் இந்தச் சிக்கலுக்கு ஒரு வழி வைத்திருக்கின்றன.

இன்றைய மேடை நாடகத்தில் பொன்னானியும் இல்லை, பின்பாட்டும் இல்லை. களரியில் கற்ற பாய்ச்சலும் அரைப் பக்க வசனமும் ஒரே ஆளுக்கு, ஒரே மூச்சில். உடம்பை ஒரு ஆசானிடமும் குரலை இன்னொரு ஆசானிடமும் கற்றுக்கொண்டு வருகிற பையன் இரண்டையும் சேர்த்துச் செய்வது அரங்கேற்றத்தன்றுதான். முதல் கத்தலிலேயே தொண்டை பூட்டிக்கொண்டால் அதில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது?

இது நமக்கு மட்டும் வந்த சங்கடமும் இல்லை. டாஸ்மேனியாவில் 1869இல் பிறந்த எஃப். எம். அலெக்சாண்டர் மேடையில் கவிதையும் நாடகப் பகுதிகளும் ஒப்பித்துப் பிழைத்த நடிகர். மேடையேறினால் குரல் கம்மிவிடும், ஓய்வெடுத்தால் திரும்பும், மறுபடி ஏறினால் மறுபடி கம்மும். மருத்துவம் கைகொடுக்காமல்போக, கண்ணாடி முன்னால் நின்று தன்னையே கவனிக்க ஆரம்பித்தார். வசனத்தைத் தொடங்கும் கணத்தில் தலையைப் பின்னுக்கு இழுக்கிறார், குரல்வளையைக் கீழே அழுத்துகிறார், வாய்வழியே சத்தத்தோடு மூச்சை உறிஞ்சுகிறார், கால்விரல்கள் தரையைக் கவ்விப்பிடிக்கின்றன. கோளாறு தொண்டையில் தெரிந்தாலும் முழு உடம்பும் அதில் பங்கு போட்டிருந்தது. ஜப்பானிய நாடக இயக்குநர் தடாஷி சுசுகியின் பயிற்சியும் இதே முடிச்சைத்தான் வேறு விதமாக அவிழ்க்கிறது. தரையைக் கால்களால் பலமாக மிதித்துக்கொண்டே இருந்து, சட்டென்று நின்று, மூச்சிரைக்காமல் வசனம் பேச வேண்டும். பார்ப்பதற்கு முரட்டுத்தனமாக இருக்கும். ஆனால் இடுப்புக்குக் கீழே எவ்வளவு வேலை நடந்தாலும் கழுத்துக்கு மேலே இறுக்கம் ஏறக்கூடாது என்பதே அங்கே பாடம். சரியான ஆள் பக்கத்தில் இல்லாமல் யூடியூப் பார்த்து இதைச் செய்ய வேண்டாம். முழங்கால்தான் போகும்.

என் வகுப்பில், காலை நேராக மேலே வீசும் களரிப் பயிற்சியான நேர்க்காலைச் செய்யும்போதே முனகச் சொல்வேன். சத்தமாக வேண்டாம், மூக்கு அதிர்ந்தால் போதும். கால் உயரும்போது முனகல் அறுந்தால் அங்கே மூச்சைப் பூட்டியிருக்கிறார்கள் என்று அர்த்தம். அறுபடாமல் வந்த பிறகுதான் ஒரு சொல், அப்புறம் ஒரு வரி. ஆளைத் தூக்கும் காட்சியென்றால் தூக்கி முடித்து, மூச்சு தானாக உள்ளே வந்த பிறகு வசனத்தை ஆரம்பிக்க வைப்பேன். அரை நொடி தாமதம்தான். பார்ப்பவர்களுக்கு அது நடிப்பாகவே தெரியும். சில இயக்குநர்களுக்கு மட்டும் இதில் பொறுமை இருக்காது. பயிற்சி முடிந்து குரலின் சூடு தணிக்க, தண்ணீர் பாட்டிலில் ஸ்ட்ராவை நுழைத்துக் குமிழி விட்டபடி மெல்ல ‘ஊ’ என்று ஏற்றி இறக்குவது கொஞ்ச நேரம். விளையாட்டுபோல இருக்கும். வாயருகே உண்டாகும் எதிரழுத்தம் குரல்நாண்களின் மோதலை மென்மையாக்குகிறது என்பதால் குரல் சிகிச்சையாளர்களும் இதைப் பயன்படுத்துகிறார்கள்.

எங்கள் ஊருக்கென்று ஒரு தனித் தொல்லையும் உண்டு. பாலக்காட்டுக் கணவாய் வழியே கார்த்திகையிலிருந்து தை, மாசிவரை வீசும் கிழக்குக் காற்று தொண்டையை வறளடிக்கும். எங்கள் சித்தூரில் கொங்கன்படைத் திருவிழா, அப்புறம் வரிசையாக வேலத் திருவிழாக்கள் என்று நாடகக்காரர்களுக்கு வேலை கூடுவதும் அதை ஒட்டித்தான். மேடையேறும் நேரத்தில் மடக்மடக்கென்று குடிக்கும் தண்ணீர் குரல்நாணைத் தொடாது. அது உணவுக்குழாய் வழியாகப் போய்விடும். காலையிலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்து வந்தால்தான் உடம்பின் ஈரம் அங்கே போய்ச்சேரும். பனங்கற்கண்டும் மிளகும் அதிமதுரமும் தொண்டைக்கு இதம், அவ்வளவுதான். புதினா மிட்டாய் எரிச்சலை மறக்கடிக்கும். மறந்துபோய் இன்னும் கத்துவோம். நாடகம் முடிந்து நள்ளிரவில் பரோட்டாவும் சால்னாவும் சாப்பிட்டுவிட்டு உடனே படுத்தால் இரைப்பையின் அமிலம் மேலேறிக் குரல்வளையை நனைக்கும். காலையில் கரகரப்போடு எழுகிறவர்கள் இதையும் யோசித்துப் பாருங்கள்.

கத்தும்போது சட்டென்று குரல் அறுந்துபோனால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும். ரசிகர்கள் உட்கார்ந்திருந்தாலும் சரி, நாடகம் பாதியில் நின்றாலும் சரி. குரல்நாணுக்குள் ரத்தம் கசிந்திருக்கலாம். அந்த நிலையில் பேசினால் நிரந்தரத் தழும்பு விழ வாய்ப்புண்டு. ஆஸ்பிரின் போன்ற மாத்திரை எடுப்பவர்களுக்கு இந்த ஆபத்து கூடுதல். மருத்துவர் எழுதிக்கொடுத்த மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாமல், நடிகர் என்று சொல்லி ஆலோசனை கேளுங்கள். சளி காய்ச்சல் இல்லாமல் மூன்று வாரத்துக்கு மேல் கரகரப்பு நீடித்தால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போய்க் குரல்நாணைக் கருவி வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். டார்ச் அடித்து வாயைப் பார்த்தால் தெரியாது, குரல்நாண் அதற்கும் கீழே இருக்கிறது. ‘தொண்டை எரிந்தால்தான் குரல் திறக்கும்’ என்று சொல்லும் ஆசிரியரை, அவர் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும், நம்ப வேண்டாம்.

பட்டறைக்குப் பணம் கட்டும் முன்னால் ஒருநாள் ஓரமாக உட்கார்ந்து பார்க்க அனுமதி கேளுங்கள். காலையில் உடல், மதியம் குரல் என்று தனித்தனியாகப் போகிறதா, அல்லது இரண்டு ஆசிரியர்களும் ஒரே அறையில் ஒரே காட்சியைச் சேர்ந்து திருத்தும் நேரம் உண்டா என்று கவனியுங்கள். வகுப்பு முடிந்து வெளியே வரும் மாணவர்களிடம் பேச்சுக் கொடுங்கள். நாள் முழுக்கப் பயிற்சி எடுத்த பிறகு அவர்கள் குரல் காலையில் இருந்ததைவிடக் கம்மியிருந்தால், அந்தப் பணத்தை வேறெதற்காவது வைத்துக்கொள்ளலாம்.