ஓக் தரை: நிறம் பார்க்கும் முன் ஈரம் பாருங்கள்

ரொறன்ரோவில் வீடுகளுக்கு மரத்தரை போடுவதுதான் என் தொழில். வீடு வாங்கிய கையோடு கூப்பிடும் எங்கள் ஆட்களின் முதல் கேள்வி பெரும்பாலும் நிறம்தான். சாம்பலா, தேன் நிறமா, இப்போது எல்லோரும் போடும் அந்த வெளிர் நிறமா? ஏழெட்டு சாம்பிள் துண்டுகளை வரிசையாக அடுக்கி வைத்திருப்பார்கள். நான் ஈரம் பார்க்கும் மீற்றரை வெளியே எடுத்தால், "அதெல்லாம் பிறகு பார்ப்பம் தம்பி" என்பார்கள்.

அப்படிப் 'பிறகு' பார்த்த ஒரு வீடு ரொறன்ரோவுக்குப் பக்கத்து நகரான மார்க்கத்தில் இருக்கிறது. ஓகஸ்ட் மாதம், 7 அங்குல அகலத்தில் முழு ஓக் பலகை. வீட்டுக்காரருக்குக் குடிபுகும் அவசரம், எனக்கு அடுத்த வேலை காத்திருந்தது. யன்னல்கள் திறந்து கிடந்தன, ஏசி ஓடவில்லை, பலகை வந்த மூன்றாம் நாளே அடித்து முடித்துவிட்டேன். பெப்ரவரியில் அழைப்பு வந்தது: "தம்பி, நிலம் வெடிச்சுப்போச்சு. ஒருக்கா வந்து பாருங்கோ." போய்ப் பார்த்தால் பலகைக்குப் பலகை இடைவெளி. 25 சதக் குற்றியைச் செங்குத்தாகப் பிடித்தேன், தடையில்லாமல் உள்ளே இறங்கியது. பிழை என்னுடையதுதான்.

கணக்கு சிக்கலானதல்ல. வழக்கமான முறையில் அறுத்த ஓக், மீற்றர் காட்டும் ஈரத்தில் 1 சதவீதப் புள்ளி இழந்தால் அகலத்தில் ஆயிரத்துக்குக் கிட்டத்தட்ட 3.7 பங்கு சுருங்கும். புழுக்கமான கோடைக்கும் ஹீற்றர் ஓயாமல் ஓடும் குளிர்காலத்துக்கும் இடையில் 4 சதவீதம் மாறினால், 7 அங்குலப் பலகை சுமார் இரண்டரை மில்லிமீற்றர் ஒடுங்கிவிடும். பழைய வீடுகளில் இருக்கும் 2¼ அங்குலப் பலகையிலோ அது ஒரு மில்லிமீற்றரைக்கூடத் தொடாது. அகலமான பலகைதான் வேண்டுமென்றால், பலகைக்கும் கீழே இருக்கும் பிளைவூட்டுக்கும் ஈர வித்தியாசம் 2 சதவீதத்துக்குள் வரும்வரை ஆணி அடிக்க விடாதீர்கள். ஒடுங்கிய பலகைக்கு 4 வரை பரவாயில்லை.

அகலமும் வேண்டும், தலையிடியும் வேண்டாம் என்றால் எஞ்சினியர்ட் ஓக். மேலே ஓக், கீழே குறுக்கும் நெடுக்குமாக ஒட்டிய பிளைவூட், அதனால் அசைவு குறைவு. "அது உண்மையான ஓக் இல்லையே" என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. மேல் படையும் அசல் ஓக்தான். எவ்வளவு தடிப்பு என்பதுதான் கேள்வி. சாம்பிளின் முகத்தைப் பார்த்தது போதும், திருப்பி ஓரத்தைப் பாருங்கள். ஓக் படை 4 மில்லிமீற்றர் இருந்தால் பின்னாளில் இரண்டு மூன்று தடவை தேய்த்துப் புதுப்பிக்கலாம். காகிதம் போல 0.6 என்றால் ஒரு தடவைகூடத் தேய்க்க முடியாது. பேஸ்மன்டில் முழு ஓக் போடவே வேண்டாம். கொண்டோ எனும் அடுக்குமாடி வீட்டிலும் கீழே கொங்கிறீற் என்பதால் எஞ்சினியர்ட்தான் நல்லது. அங்கே சத்தம் பற்றிய விதிகள் இருக்கும், வாங்குவதற்கு முன்பே நிர்வாகத்திடம் கேட்டுவிடுங்கள்.

சிவப்பு ஓக்கா வெள்ளை ஓக்கா? கடினத்தைச் சொல்லி விலையை ஏற்றுவார்கள். கடினத்தை அளக்கும் ஜான்கா அளவில் சிவப்பு 1290, வெள்ளை 1360, காலுக்கு அந்த வித்தியாசம் தெரியாது. தண்ணீர் விஷயத்தில்தான் வித்தியாசம். சிவப்பு ஓக்கில் ஒரு சிறு குச்சி வெட்டி, ஒரு நுனியைத் தண்ணீரில் வைத்து மறு நுனியில் ஊதினால் குமிழி வரும், துவாரங்கள் அப்படித் திறந்து கிடக்கின்றன. வெள்ளை ஓக்கில் அவை அடைபட்டிருக்கும். விஸ்கிப் பீப்பாய் செய்வது அதில்தான். பனியோடு சப்பாத்து கழற்றும் வாசலுக்கும் குசினிக்கும் வெள்ளை, மற்ற அறைகளுக்கு எது மலிவோ அது என்பேன். ஆனால் வெளிர் நிறம் கேட்பவர்களுக்குச் சிவப்பில் அந்த இளஞ்சிவப்புச் சாயலை மறைப்பது பெரும்பாடு.

இன்னொன்று. கடுக்காய்ச் சாற்றில் இரும்பு பட்டால் கறுக்கும் அல்லவா, அதே துவர்ப்புச் சத்து ஓக்கிலும் உண்டு. குளிருக்கு உள்ளே கொண்டுவந்த கறிவேப்பிலைத் தொட்டி, அதன் கீழே இரும்பு ஸ்டாண்ட், கொஞ்சம் தண்ணீர். வசந்தத்தில் தொட்டியைத் தூக்கினால் மை கொட்டியது போலக் கறுப்பு வளையம். மேல்பூச்சைச் சுரண்டி, ஒக்சாலிக் அமிலம் பூசித்தான் அதை வெளுக்க வேண்டும். மேல்பூச்சு என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது: எண்ணெய்ப் பூச்சு அழகுதான், ஆனால் மஞ்சள் சிந்தும் எங்கள் குசினிகளுக்கு நான் மினுக்கமில்லாத பொலியூறித்தேன்தான் சொல்வேன்.

மார்க்கம் வீட்டுக்கு ஹியூமிடிஃபையர் பொருத்தி, காற்றின் ஈரப்பதத்தை 35 சதவீதத்துக்குக் கீழே விடாமல் பார்த்துக்கொள்ளச் சொன்னேன். இடைவெளி ஓரளவு ஒடுங்கியது. மிச்சத்தை மரப்பசை வைத்து அடைத்துத் தரச் சொன்னார் வீட்டுக்காரர். மறுத்துவிட்டேன். ஜூலையில் பலகை விரியும்போது அந்தப் பசை நசுங்கி வெளியே வரும், அதற்கும் என்னைத்தான் கூப்பிடுவார்.