உறையைப் பிரிக்கும்வரை டாக்டருக்கும் தெரியாது

"எங்க ஊர் வைத்தியர் கொடுத்த லேகியத்தில் பத்துப் பேருக்கு நெஞ்சுச்சளி தீர்ந்தது. இதற்குமேல் என்ன ஆதாரம் வேண்டும்?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். லேகியம் சாப்பிடாதவர்கள் என்ன ஆனார்கள் என்று தெரிய வேண்டும்.

1947-ல் பிரிட்டனில் ஸ்ட்ரெப்டோமைசின் என்ற காசநோய் ஊசி மருந்து கொஞ்சம்தான் கையிருப்பு. மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில் காசநோயாளிகள் 107 பேரைச் சேர்த்தது. 55 பேருக்கு ஊசியும் படுக்கை ஓய்வும். 52 பேருக்கு ஓய்வு மட்டும். யாருக்கு எது என்று டாக்டர் முடிவு செய்யவில்லை. அவர் கையில் விட்டால், பிழைத்துவிடுவார் என்று தோன்றுகிறவருக்கே ஊசி போய்ச் சேரலாம். அதனால் புள்ளியியலாளர் பிராட்ஃபோர்டு ஹில், ஒழுங்கில்லாத எண்களின் பட்டியலை வைத்துப் பிரித்து, ஒட்டிய உறைகளில் போட்டுக் கொடுத்துவிட்டார். நோயாளியைச் சேர்த்த பிறகுதான் உறையைப் பிரிக்கலாம்.

ஆறு மாதத்தில் ஊசி போட்டவர்களில் 4 பேரும் போடாதவர்களில் 14 பேரும் இறந்தார்கள். இது தற்செயலா? எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. மருந்து வெறும் தண்ணீர் என்றே வைத்துக்கொள்வோம். அப்படியானால் இறந்த 18 பேரும் எந்த உறை வந்திருந்தாலும் இறந்திருப்பார்கள். 107 பெயர்களையும் சீட்டில் எழுதிக் குலுக்கி, 55 சீட்டு எடுங்கள். அந்த 18-ல் சராசரியாக ஒன்பது பெயர் வரும். சில முறை ஏழு, சில முறை பதினொன்று. நான்கோ அதற்கும் குறைவாகவோ வருவது நூறு குலுக்கலில் ஒரு முறைகூட இல்லை. ஆக, 'வெறும் தண்ணீர்' என்பதை நம்புவதுதான் கடினம். உறை போட்டுப் பிரித்ததால்தான் இந்தக் கணக்கே செல்லும்; டாக்டர் ஆள் பார்த்துப் பிரித்திருந்தால் எதைக் குலுக்குவது?

இன்னொன்று: ஊசியே போடாத 52 பேரிலும் 4 பேரின் எக்ஸ்ரே நன்றாகத் தேறியிருந்தது. அவர்கள் லேகியம் சாப்பிட்டிருந்தால் பெயர் வைத்தியருக்குப் போயிருக்கும்.

ஆறு மாதத்தோடு கணக்கை மூடாமல் தொடர்ந்து பார்த்தார்கள். ஐந்து ஆண்டு முடிவில் ஊசி போட்டவர்களில் 32 பேர், போடாதவர்களில் 35 பேர் இறந்திருந்தார்கள். இடைவெளி கிட்டத்தட்ட மறைந்துவிட்டது. பலரின் உடலில் கிருமி மருந்துக்குப் பழகி, அதற்குச் சாகாததாகிவிட்டிருந்தது. நம் ஊரில் மருந்து வாங்கப் பணம் ஒதுக்குகிறவர்கள், இப்படி வருடக்கணக்கில் பின்தொடர்வதற்கு ஒதுக்கத் தயங்குவது எனக்குப் புரிவதே இல்லை. பிரிட்டனில் அடுத்த சோதனையில் ஸ்ட்ரெப்டோமைசினோடு பாஸ் என்ற இரண்டாவது மருந்தையும் சேர்த்தார்கள். கிருமி பழகுவது வெகுவாகக் குறைந்தது.