காரில்லாத வீட்டின் எண்ணெய்க் கணக்கு

"எங்களிடம் கார் இல்லை, பெற்றோலுக்குத் தட்டுப்பாடு வந்தால் எங்களுக்கென்ன" என்று சொல்லும் குடும்பங்கள் கொழும்பில் நிறைய. அப்படிச் சொல்பவர் வெள்ளவத்தையில் ஆறாம் மாடியில் இருப்பார். தண்ணீர் மேலே ஏற மோட்டார் ஓட வேண்டும். கரண்ட் போனால் மோட்டாருக்கு ஜெனரேட்டர், ஜெனரேட்டருக்கு டீசல். அடுப்பில் காஸ். பிள்ளை போவது டீசல் ஸ்கூல் வேனில். கோட்டைக்குப் போகும் ரெயினும் டீசல்தான், நம் நாட்டில் மின்சார ரெயில் இல்லை. காரில்லாத வீட்டுக்கும் எண்ணெய்க் கணக்கு ஒன்று இருக்கிறது. அதை யாரும் எழுதி வைப்பதில்லை, அவ்வளவுதான்.

தட்டுப்பாடு நம்மிடம் இரண்டு வழியாக வரும். ஹோர்முஸ் நீரிணை போன்ற இடத்தில் கப்பல் தடைப்பட்டு உலகத்துக்கே எண்ணெய் குறைவது ஒன்று. கப்பல் துறைமுகத்துக்கு வெளியே நின்றும் அதை இறக்க நம்மிடம் டொலர் இல்லாமற் போவது மற்றது. 2022இல் இலங்கையில் நடந்தது இரண்டாவது. சபுகஸ்கந்த சுத்திகரிப்பு நிலையம் கச்சா எண்ணெய் வாங்க டொலரின்றி 2021 நவம்பரிலேயே மூடப்பட்டது. பெற்றோல், காஸ் வரிசைகள் நீண்டது அதற்குப் பல மாதம் கழித்து. அந்தச் செய்தியைப் பத்திரிகையில் பார்த்துப் பக்கம் புரட்டிய எவரும் தங்கள் வீட்டுச் செய்தியாக அதை வாசிக்கவில்லை.

ஆகவே முதல் வேலை ஒரு கொப்பி. ஒரு மாதத்துக்கு எழுதுங்கள்: காஸ் சிலிண்டர் மாற்றிய திகதி, கரண்ட் யூனிற், ஓடிய கிலோமீற்றர், வேன் காசு, தொடர்மாடிப் பராமரிப்புக் கட்டணத்தில் ஜெனரேட்டருக்கான பங்கு. எங்கே முதலில் அடிபடும் என்று அதிலேயே தெரிந்துவிடும்.

பெரும்பாலான வீடுகளில் அது குசினிதான். 12.5 கிலோ சிலிண்டர் 2021 ஒக்டோபருக்கு முன் 1,493 ரூபாய், 2022 ஏப்ரலில் 4,860. காசு இருந்தும் சிலிண்டர் கிடைக்காத வாரங்கள் வேறு. உடனே எல்லோரும் இன்டக்‌ஷன் அடுப்பு வாங்க ஓடினார்கள். அதில் மூன்று சிக்கல். அலுமினியச் சட்டி, மண்சட்டி, பழைய இடியப்பப் பானை எதுவும் அதில் சூடாகாது. சட்டியின் அடியில் காந்தம் ஒட்டினால் மட்டும் சரி. புதுச் சட்டி வாங்க மனமில்லாதவர்களுக்கு இன்ஃப்ராரெட் அடுப்பு பொருந்தும், அடி தட்டையாக இருந்தால் போதும். இரண்டாவது, 2,000 வாற்ஸ் அடுப்பு ஏறக்குறைய 8.7 அம்பியர் இழுக்கும். 5 அம்பியர் வட்ட முள் சொக்கற்றிலோ மல்ரிபிளக்கிலோ போட்டால் அரை மணித்தியாலத்தில் பிளாஸ்ரிக் உருகும் மணம் வரலாம். 13 அல்லது 15 அம்பியர் சொக்கற்றுக்குத் தனிவயர் இழுப்பித்துவிட்டு அடுப்பை வாங்குங்கள். மூன்றாவது பில். காஸின் சூட்டில் பாதிக்குச் சற்று மேல்தான் சட்டிக்குப் போகிறது என்று வைத்துக் கணக்கிட்டால், ஒரு சிலிண்டர் செய்யும் சமையலை இன்டக்‌ஷனில் செய்ய சுமார் 100 யூனிற் போகும். சிலிண்டர் 45 நாள் ஓடும் வீட்டில் அது மாதம் 65 யூனிற்றுக்கும் மேல். யூனிற் கூடக் கூட ஒரு யூனிற்றின் விலையும் படிப்படியாக ஏறுவதால், கூடும் யூனிற் எல்லாம் மேல் படியின் விலையிலேயே விழும்.

ஆக, முழுதாக மாறுவதை விட இரண்டையும் வைத்திருப்பதுதான் புத்தி. சோற்றுக்கு ரைஸ் குக்கர், கறிக்குக் காஸ், ஊறவைத்த பருப்புக்குப் பிறஷர் குக்கர். கூடுதலாக ஒரு சிலிண்டர் வாங்கக் கையில் காசு இருந்தால், தட்டுப்பாடு வருமுன் வாங்கி, காற்றோட்டமான இடத்தில் நிமிர்த்தி வையுங்கள். குழாயில் வெடிப்பு இருக்கிறதா என்று பார்த்து, இணைப்பில் சவர்க்காரத் தண்ணீர் தடவிச் சோதிக்க ஐந்து நிமிடம் போதும்.

தொடர்மாடிக் கூட்டங்களில் லிஃப்ற்றைப் பற்றித்தான் சண்டை நடக்கிறது. கேட்க வேண்டிய கேள்வி தண்ணீர். 100 கேவிஏ ஜெனரேட்டர் பாதிச் சுமையில் மணித்தியாலத்துக்கு ஏறக்குறைய 12 லீற்றர் குடிக்கும். 2022 மார்ச் கடைசியில் போல நாளுக்கு 13 மணித்தியால மின்வெட்டு வந்தால் 150 லீற்றருக்கு மேல். எண்ணெய் நிலையங்கள் கானில் டீசல் தராத நாட்களில் அதை எங்கே எடுப்பது? மோட்டாருக்கும் படிக்கட்டு லைற்றுக்கும் மட்டும் தனி இணைப்பு வைத்து, நாளுக்கு இரண்டு தரம் தண்ணீர் ஏற்றினால் செலவு சில லீற்றரில் முடியும். அந்த வயரிங் வேலை தட்டுப்பாட்டுக்கு முன் சில நாள் வேலை. நடுவில் செய்ய நினைத்தால் எலக்ட்ரிஷனே கிடைக்கமாட்டார்.

கூரையில் சோலார் போட்டவர்கள் பலர் மின்வெட்டின்போது தங்கள் வீடும் இருட்டானதைப் பார்த்துத் திகைத்தார்கள். பழுது இல்லை. லைனில் வேலை செய்பவரின் உயிரைக் காக்க, பொது மின் லைனோடு சேர்ந்தே ஓடும் சாதாரண ஒன்-கிரிட் இன்வேர்ட்டர் கரண்ட் போனவுடன் தானும் நின்றுவிடும். பற்றரியோடு கூடிய ஹைபிரிட் இன்வேர்ட்டர்தான் தொடர்ந்து தரும். சின்னதாகத் தொடங்குபவருக்கு 12 வோல்ற் 100 ஏஎச் (அம்பியர்-மணி) லெட்-அசிட் பற்றரி ஒன்று, பாதிக்குக் கீழே இறக்காமல், ஒரு ஃபேன், ரௌட்டர், இரண்டு எல்ஈடி பல்ப் ஆகியவற்றை ஆறு மணித்தியாலம் ஓட்டும். அது முழுதாக ஏற எட்டுப் பத்து மணித்தியாலம் கரண்ட் வேண்டும் என்பதை விற்பவர் சொல்வதில்லை. கார் பற்றரியை இதற்குப் பாவித்தால் சில மாதத்தில் செத்துப்போகும்.

பெற்றோலைக் கானில் வீட்டில் சேர்க்க வேண்டாம். ஆவி தரையோடு தவழ்ந்து குசினி நெருப்பைத் தேடிப் போகும். டாங்கைப் பாதிக்குக் கீழே விடாதிருப்பது ஒன்றே ஆபத்தில்லாத சேமிப்பு. 2022 ஜூலையில் கியூஆர் குறியைக் காட்டி எரிபொருள் பங்கீடு எடுக்கும் முறை தொடங்கியபோது வாரத்துக்கு மோட்டார் சைக்கிளுக்கு 4 லீற்றர், காருக்கு 20. லீற்றருக்கு 40 கிலோமீற்றர் ஓடும் சைக்கிள் அந்த 4 லீற்றரில் 160 கிலோமீற்றர் போகும். காலி வீதி நெரிசலில் 10 ஓடும் கார் 20 லீற்றரில் 200தான். வீட்டில் இரண்டாவது வாகனம் வாங்கும் யோசனை இருப்பவர்கள் இந்தக் கணக்கைப் பார்க்கட்டும். நிறுத்தி வைத்த காரின் பற்றரியில் நெகற்றிவ் முனையைக் கழற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் மூன்று வாரத்தில் பற்றரி இறங்கிவிடலாம்.

இனிக் காசு. 2022 ஏப்ரல் 8ஆம் திகதி மத்திய வங்கி, மற்ற வங்கிகளின் வட்டிக்கு அடிப்படையான கொள்கை வட்டியை ஒரே நாளில் 7 சதவீதப் புள்ளி ஏற்றியது. மாறும் வட்டியில் வீட்டுக்கடன் எடுத்தவர்களுக்கு அது பெற்றோல் விலையை விடப் பெரிய அடி. 50 இலட்சம், 15 வருடம்: 10 வீதத்தில் மாதத் தவணை சுமார் 53,700. அதே கடன் 20 வீதத்தில் 87,800. வங்கிக்குப் போய் மூன்று விஷயம் எழுத்தில் கேளுங்கள்: வட்டி நிலையானதா மாறுவதா, எத்தனை மாதத்துக்கொருமுறை மாறும், முன்கூட்டி அடைத்தால் அபராதம் எவ்வளவு. மாறும் வட்டி என்றால், கையில் வரும் போனஸை அந்தக் கடனில் போடுவதை விட நல்ல முதலீடு அநேகமாகக் கிடையாது.

அவசர நிதி என்று ஆறு மாதச் செலவு வைக்கச் சொல்வது வழக்கம். 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டியின்படி ஆண்டுப் பணவீக்கம் 69.8 வீதம். ஒரு வருடம் முன் ஆறு மாதத்துக்கென்று ஒதுக்கிய காசு அப்போது மூன்றரை மாதத்துக்குத்தான் போதும். எனவே இந்தக் காசைச் சேமிப்புக் கணக்கில் தூங்கவிடாமல், ஒரு பங்கை அங்கே வைத்து, மீதியை, அரசாங்கம் குறுங்காலக் கடனுக்கு விற்கும் 91 நாள் திறைசேரி உண்டியலில் சுழற்றுங்கள். வட்டி ஏறும் காலத்தில் மூன்று மாதத்துக்கொருமுறை புது வட்டிக்கு மாறிக்கொள்ளலாம். ஐந்து வருட நிலையான வைப்பில் பூட்டியவர் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். உண்டியல் என்றதும் லண்டனிலிருந்து மச்சான் காசு அனுப்பும் உண்டியலை நினைக்காதீர்கள். அந்தக் காசை வங்கி வழியாக வரவழைத்து, தனிப்பட்ட வெளிநாட்டு நாணயக் கணக்கில் டொலராகவோ பவுண்ட்ஸாகவோ விட்டால் ரூபாய் விழும்போது அது விழாது. தங்கமும் அப்படித்தான், ஆனால் செட்டியார் தெருவில் நகையாக வாங்கினால் செய்கூலியும் சேதாரமும் திரும்பி வராது.

இவற்றுக்கெல்லாம் நாள் குறிப்பதானால் ஒக்டோபர், நவம்பர். மலைநாட்டு நீர்த்தேக்கங்கள் ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை வற்றும், நீர்மின்சாரம் குறையும் அந்த மாதங்களில்தான் மின்சாரத்துக்கும் எண்ணெய் அதிகம் எரிக்க வேண்டிவரும். நவம்பரில் பற்றரியைச் சோதித்துப் பழுது கண்டால், தைப்பொங்கலுக்கு முன் மாற்றிவிட நேரம் இருக்கும்.