கேட்ச்மெண்ட்: மழை எந்த ஆற்றுக்குப் போகிறது?

நியூசிலாந்தின் தெற்குத் தீவில் வைட்டாகி என்றொரு மாவட்டம். அதன் ஒரு பகுதி கேன்டர்பரி வட்டார மன்றத்தின் (ஆறுகளையும் நீரையும் கவனிக்கும் உள்ளாட்சி அமைப்பு) எல்லைக்குள், மறு பகுதி ஒட்டாகோ வட்டார மன்ற எல்லைக்குள். வடக்குத் தீவின் தௌபோ மாவட்டம் அதற்கும் மேலே போய் நான்கு வட்டாரங்களில் கால் வைத்திருக்கிறது. வட்டார எல்லைக்கோட்டை வரைந்தவர்கள் தெரிந்தேதான் இப்படி வரைந்தார்கள். அவர்கள் பிடித்துக்கொண்ட சொல் கேட்ச்மெண்ட்.

ஒரு நிலப்பரப்பில் விழும் மழை ஓடியோ ஊறியோ கடைசியில் ஒரே ஆற்றுக்கோ ஏரிக்கோ வந்து சேருமானால், அந்த நிலப்பரப்பு முழுவதும் அந்த நீர்நிலையின் கேட்ச்மெண்ட். வெள்ளத்தையும் மண்ணரிப்பையும் சமாளிக்க 1941இல் நியூசிலாந்து ஒரு சட்டம் போட்டது. அதன்படி வந்த அமைப்புகளின் பெயரே கேட்ச்மெண்ட் வாரியம்தான். 1989 உள்ளாட்சிச் சீர்திருத்தத்தில் அந்த வேலை வட்டார மன்றங்களுக்குப் போனது. மன்ற எல்லைகளையும் கூடியவரை ஆற்றுப்போக்கை வைத்தே வகுத்தார்கள். மேட்டில் நடப்பதைக் கேட்க ஒருவர், பள்ளத்தில் வருவதைக் கழுவ இன்னொருவர் என்று இருந்தால் காரியம் நடக்காது. நியூசிலாந்தின் பூர்வகுடிகளான மாவோரி மக்கள் இதை ‘கி உட்டா கி தாய்’ என்பார்கள்: மலையிலிருந்து கடல் வரை.

சொல்லின் வேர் ‘பிடி’ என்ற பொருளுள்ள கேட்ச். லத்தீன் ‘காப்தாரே’ பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்து இப்படி ஆனது. துரத்துவதைக் குறிக்கும் சேஸ் என்பதும் இதன் உடன்பிறப்பே. வாட்டர்ஷெட் என்பதைப் பலரும் இதற்குப் பதிலாகப் போடுகிறார்கள். ஜெர்மன் சொல்லைப் பார்த்து உருவான அதன் முதற்பொருள், நீர் இருபுறமும் பிரியும் மேடு. அமெரிக்கர்கள் அதை முழு நிலப்பரப்புக்கும் ஆக்கிவிட்டதால், பிரிட்டிஷ் நூலையும் அமெரிக்க நூலையும் அடுத்தடுத்துப் படிப்பவர் பாடு திண்டாட்டம்.

சரி, தமிழில்? ‘அணையின் நீர்ப்பிடிப்புப் பகுதிகளில் கனமழை’ என்று தமிழ்நாட்டுச் செய்தித்தாள்கள் எழுதும்போது பொருள் சரியாக இருக்கிறது. ஆனால் ‘ஏரி நீர்ப்பிடிப்புப் பகுதியில் ஆக்கிரமிப்பு’ என்று அதே பக்கத்தில் வரும்; அங்கே பெரும்பாலும் சொல்லவருவது தண்ணீர் தேங்கி நிற்கும் இடத்தை. வடிநிலம் என்பதும் உண்டு. காவிரி என்றால் அதைக் கேட்டதும் டெல்டாதான் மனதில் வரும். இலங்கைத் தமிழில் புழங்கும் ‘நீரேந்து பகுதி’ என் கணக்கில் இவற்றைவிட நல்லது. விழும் மழையை ஏந்தி அனுப்பும் நிலம் என்று சொல்லும்போதே விளங்கிவிடுகிறது, தேங்கும் இடத்தோடு குழம்பவும் வழியில்லை.

இந்தச் சொல்லுக்கு வேலை எவ்வளவு என்பதை சவுத்லாண்டு வட்டாரத்தின் வைட்டுனா காயலில் பார்க்கலாம். உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் 1976இலேயே இடம்பெற்றது அது. கடலுக்கும் அதற்கும் நடுவே ஒரு சரளைக்கல் திட்டு. ஓடைகள் கொண்டுவரும் நீர் ஏறிக்கொண்டே போனால் மேலேயுள்ள பண்ணைகளின் வடிகால் நின்றுவிடும் என்று, திட்டை இயந்திரத்தால் வெட்டிக் கடலுக்குத் திறந்துவிடுவது வழக்கம். இன்னொரு தொல்லையும் அதே ஓடைகளில்தான் வருகிறது. பால் பண்ணைகளின் நைட்ரஜனும் பாஸ்பரசும் வண்டலும் இறங்கி வர, பாசி தழைத்து நீருக்குள் வெளிச்சம் குறைகிறது. அடியில் வளரும் ரப்பியா என்ற செடி தவிக்கிறது. காயலுக்குள் நின்று என்ன செய்தாலும் பாதி வேலைதான். மீதி நீரேந்து பகுதியில், மாட்டுக் கொட்டிலுக்கும் ஓடைக்கரைக்கும் நடுவே.

அப்புறம், இந்தச் சொல்லுக்குக் கடலில் இடமில்லை. 1991 வள மேலாண்மைச் சட்டப்படி வட்டார மன்றத்தின் பொறுப்பு கடலுக்குள் 12 கடல் மைல் வரை நீள்கிறது. அந்தப் பரப்புக்குக் கடலோரக் கடற்பகுதி என்று தனிப்பெயர். ஆற்றில் அது எங்கே தொடங்குகிறது? முகத்துவாரத்திலிருந்து மேல்நோக்கி ஒரு கிலோமீட்டர், அல்லது முகத்துவார அகலத்தின் ஐந்து மடங்கு. இரண்டில் எது குறைவோ அதுவரை கடல் விதி. அதற்கு மேலே நன்னீர் விதி.